நேப்பிள்ஸ், மூன்றே கால் மணி நேரம்

நவம்பர் 4, திங்கள்

இத்தாலியின் நேப்பிள்ஸுக்குப் போகும் விமானம் எங்கள் ஊர் குதாயிஸியிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறது. அங்கே இறங்கும்போது அந்த ஊர்க் கடிகாரம் ஏழே கால் காட்டும். அவர்களுடைய நேரம் நம்முடையதற்கு மூன்று மணி பின்னால். அதனால் இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரைக் கால் மணியில் கடந்த மாதிரி ஒரு பொய்க் கணக்கு. திரும்பி வருகிறவர்களிடம் அந்த மூன்று மணியைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

இன்றும் முக்கால்வாசிப் பேர் பெண்கள். எல்லோரும் 'சுற்றுலா'. தொண்ணூறு நாள் தங்கலாம், விசா வேண்டாம். எல்லோரிடமும் திரும்பும் டிக்கெட் இருக்கும், ஒருத்தியும் அதில் திரும்ப மாட்டாள். சுற்றுலா போகிறவளுக்கு எட்டுக் கிலோ பாலாடைக்கட்டியும் ஒரு மூட்டை அக்ரூட்டும் எதற்கு? பெட்டியைத் தூக்குகிறவன் நான், எனக்குத் தெரியும் உள்ளே என்ன இருக்கிறது என்று. ஒரு பெட்டியைக் கொஞ்சம் வேகமாக எறிந்துவிட்டேன். கூட வேலை செய்யும் முர்மான் கத்தினான்: "மெதுவாடா ஜாபா! உன் மாமியார் சாமான்னா இப்படித்தான் எறிவியா?"

அம்மா இதே விமானத்தில்தான் போனாள். தொண்ணூறு நாள் என்று சொல்லிவிட்டு. ஐந்து வருடம் ஆகிறது. அப்போது தங்கை தேக்லேவுக்குப் பன்னிரண்டு வயது. திரும்ப வேண்டுமானால் மூன்றே கால் மணி நேரம்தான், யார் தடுக்கிறார்கள்? யாரும் தடுக்கவில்லை. வெளியேறும்போது, தொண்ணூறு நாளைத் தாண்டித் தங்கியதற்கு, பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்துவார்கள், அப்புறம் ஐந்து வருடத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. அவ்வளவுதான். கதவு திறந்தே இருக்கிறது, ஆனால் ஒரு பக்கமாகத்தான் திறக்கும்.

நவம்பர் 7, வியாழன்

மழை. நேப்பிள்ஸிலிருந்து வந்த பெட்டியெல்லாம் ஈரம். முதுகு வலிக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு அரை நாள் விடுமுறை. மேஜையில் ரொட்டிமேல் போனைச் சாய்த்துவைத்து அவளோடு சேர்ந்து சாப்பிட்டோம். அப்பா அவளுக்கும் சேர்த்து ஒரு கிளாஸ் ஊற்றி வைப்பார், கடைசியில் அதையும் அவரே குடிப்பார்.

இன்றைக்கு அப்பாவின் இடது கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்தது.

"என்ன சத்தம்?" என்றாள் அம்மா.

"பூனை" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அதை நினைத்துப் பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை, அவள் பார்த்துக்கொள்ளும் கிழவி விடுமுறை என்றும் பாராமல் அந்தப் பக்கம் மணியடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு அப்பா சொன்னார்: "படுத்த வாக்குல கை மரத்துப் போச்சு. அம்மாகிட்ட ஒண்ணும் உளறி வைக்காதீங்க. தூரத்துல இருக்கிறவளுக்கு நல்ல சேதி மட்டும்தான் போகணும்."

தேக்லே பாத்திரம் கழுவும்போது கேட்டாள்: "அம்மா வீட்டுக்குள்ள எதுக்குடா தலையில துணி கட்டியிருக்கா? நெத்தி வரைக்கும் இழுத்து?"

நானும் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பக்கமும் ஒரு பூனை இருக்கும்.

நவம்பர் 15, வெள்ளி

டாக்டரிடம் வா என்று அப்பாவைக் கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றார். கத்தினேன். "தொழிற்சாலையில இருபது வருஷம் லாரிக்கு எஞ்சின் பூட்டினவன்டா நான், எனக்குத் தெரியாதா எந்த பாகம் எப்ப போகும்னு?" என்றார். தொழிற்சாலையை மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று. இன்னும் அதையே சொல்கிறார். கதவை அறைந்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அப்பா இறந்துவிட்டார்.

வேலையில் இருந்தேன். ஜுஜுனா அத்தை போன் செய்தாள். அப்பாவின் அக்கா, பக்கத்துத் தெரு. "ஜாபா, அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலை. அவசரம் ஒண்ணுமில்லை. வண்டியை நிதானமா ஓட்டிட்டு வா."

இந்த ஊரில் பிறந்தவன் எவனும் அந்த 'அவசரம் ஒண்ணுமில்லை' என்பதைக் கேட்டதும் புரிந்துகொண்டிருக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள விரும்பவில்லையோ? வழியில் நிறுத்தி அப்பாவுக்கு ஆரஞ்சு வாங்கினேன். உடம்பு சரியில்லாதவருக்கு.

வாசல் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்திருந்தது. சுவர் ஓரமாகத் தெரு ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். நான் ஆரஞ்சுப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தேன்.

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லலை?"

"வண்டி ஓட்டறவன்கிட்ட எப்படிடா சொல்றது? நீயும் எங்கேயாவது போய் மோதிட்டா நான் ரெண்டு சவப்பெட்டிக்கு எங்கே போவேன்?"

சரி. அதை ஏற்றுக்கொண்டேன். இருபது நிமிட வழி, அதற்கு ஒரு பொய். போகட்டும்.

ஆனால் அம்மா? பிற்பகல் சமையலறையில் அதுதான் பேச்சு. நான் சொன்னேன், வியாழக்கிழமை விமானம் இருக்கிறது, உள்ளதைச் சொல்லிவிடுவோம், ஏறிவிடுவாள், பிற்பகல் இரண்டே காலுக்கு இங்கே இருப்பாள்.

அத்தை ரொட்டி மாவுக் கையோடு திரும்பினாள். "சொல்லிட்டு? நாலாவது மாடியில, யாரோ ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊட்டிட்டு இருப்பா. அந்த நேரத்துல உன் புருஷன் செத்துட்டான்னு போன்ல சொல்லுவியா? யாரு தாங்கிப் பிடிப்பா அவளை? அந்தக் கிழவியா?"

"அதுக்கு?"

"உடம்பு சரியில்லைன்னு சொல்லு. வந்துடுவா. வாசல்ல நான் இருப்பேன், நான் பிடிச்சுக்குவேன். எம் புருஷன் செத்ததை எனக்கு அப்படித்தான் சொன்னாங்க. பதூமியிலிருந்து பஸ்ல வந்தேன். வழியெல்லாம் அவனுக்கு சூப் வைக்கிறதைப் பத்தி யோசிச்சுட்டே வந்தேன். அரை நாள் கூடுதலா எனக்கு அவன் உயிரோட இருந்தான்டா. இன்னைக்கும் அவங்களுக்கு நன்றி சொல்றேன்."

போன் செய்தேன்.

"அம்மா, அப்பாவுக்குப் பக்கவாதம்."

"பேசறாரா?"

"குழறுது. தூங்கறார் இப்ப."

"கால்?"

"இடது பக்கம் வரலை."

"டாக்டர் என்ன சொல்றார்?"

அத்தை எதிரே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டேன். யாரும் சொல்லாமலே, என் வாயால்: "உயிருக்கு ஆபத்தில்லையாம், அம்மா. ஆனா பல மாசம் கூட இருந்து பாத்துக்கணுமாம். நீ வந்துடு."

பக்கத்து அறையில் அவரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்திப் பேசினேன். ஏதோ அவருக்குக் கேட்டுவிடும் என்பது போல.

அம்மா சொன்னாள்: "வரேன். முத்திரை குத்தினா குத்தட்டும். நீ அழாதே கண்ணு. பக்கவாதத்துல விழுந்த எத்தனை பேரை நான் எழுப்பி நடக்க வெச்சிருக்கேன் தெரியுமா? ஊரான் அப்பனையெல்லாம் நடக்க வெச்சவ உங்கப்பாவை விட்டுடுவேனா?"

நவம்பர் 20, புதன்

மாலை வெளிச்சம் போகிற நேரத்தில் அம்மா படம் அனுப்பினாள்.

ஒரு வெள்ளை வேன். பின்னால் ஒரு சக்கர நாற்காலி, மடித்துக் கட்டியது. பக்கத்தில் டயப்பர் பெட்டிகள், பெரியவர்களுக்கானவை. ரப்பர் விரிப்பு. இரும்பு நடைசட்டம். போன வருடம் செத்துப்போன ஒரு கிழவரின் சாமான்களாம், அந்த வீட்டு மகள் எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம்.

கீழே குரல் செய்தி. எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நானே பிறகு நம்பமாட்டேன்.

"விமானத்துல இவ்வளவும் ஏத்த விடமாட்டாங்க ஜாபா. ஆபத்தில்லைன்னுட்டியே, ரெண்டு நாள் தாமதமானா என்ன? அவ்தோ வண்டில வரேன். கப்பல்ல கிரீஸ், அப்புறம் துருக்கி, சனிக்கிழமை சாயங்காலம் வீட்ல இருப்பேன். அதுவரைக்கும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை அவரைத் திருப்பிப் படுக்க வைங்க. மறந்துடாதீங்க. முதுகுல புண் வந்தா ஆறாது."

ரெண்டு மணிக்கு ஒரு தடவை. திருப்பி.

அவர் கூடத்தில் பெட்டியில் கிடக்கிறார், மல்லாந்து, கோட்டு போட்டு, கையில் மெழுகுவத்தி.

ஆபத்தில்லை என்று நான் சொல்லாமல் இருந்திருந்தால்? வெறும் 'வா' என்று மட்டும் சொல்லியிருந்தால்? பல மாசம் பாத்துக்கணும்னு ஏன் சொன்னேன், யார் கேட்டாங்க என்னை?

வேன் துறைமுகத்துக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. 'அப்பா இறந்துவிட்டார், இறங்கி விமானத்தில் வா' என்று தட்டினேன். அத்தையிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள். "சனிக்கிழமைதானே வந்துடப்போறா. ஞாயிறு அடக்கம் வெச்சுக்கலாம். எதுக்குடா நடுரோட்டுல கொல்றே அவளை?"

அழித்தேன். அவள் பிடுங்கவில்லை, மிரட்டவில்லை. நானே என் விரலால் அழித்தேன்.

ஓட்டுநர் அவ்தோவுக்குப் போன் செய்தேன். வாரா வாரம் இத்தாலிக்கும் எங்கள் ஊருக்கும் ஆளும் பார்சலும் ஏற்றுகிறவர். அவர் முந்திக்கொண்டார்: "தெரியும்டா தம்பி. பேஸ்புக்ல பார்த்தேன். வண்டில எல்லார்கிட்டயும் ரகசியமா சொல்லி வெச்சுட்டேன். யாரும் வாயைத் திறக்கமாட்டாங்க. சார்ஜ் போடறேன்னு உங்கம்மா போனையும் வாங்கி வெச்சுக்கறேன், இல்லேன்னா இரங்கல் எல்லாம் கண்ணுல பட்டுடும். நீ கவலைப்படாதே."

எவ்வளவு நல்ல மனிதர்கள்! ஒரு வண்டி நிறைய.

நவம்பர் 21, வியாழன்

பிணத்தை வைத்துவிட்டு எங்கே போகிறாய் என்று அத்தை கேட்டாள். பதில் சொல்லாமல் விமான நிலையத்துக்குப் போனேன். நேப்பிள்ஸ் விமானம் இரண்டே காலுக்குச் சரியாக இறங்கியது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று படியில் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். எதற்கு? அவள் கப்பலிலிருந்து இறங்கி எங்கோ கிரேக்க மலையில் போய்க்கொண்டிருக்கிறாள், தெரியும்.

முர்மான் என்னைப் பார்க்காமலே பேசிக்கொண்டு வந்தான்: "பாதி சீட்டு காலிடா இன்னைக்கு, பெட்டியும் கம்மி, ராஜ வாழ்க்கை..." அப்புறம் துக்கத்துக்கு மழிக்காமல் விட்ட என் இரண்டு நாள் தாடியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். தொப்பியைக் கழற்றினான்.

பாதி சீட்டு காலி.

நவம்பர் 22, வெள்ளி

மாலையில் துக்கத்துக்கு வருகிறவர்கள் பெட்டியைச் சுற்றி வருகிறார்கள், எங்களுக்குக் கை கொடுக்கிறார்கள், அடுத்த கேள்வி: "லாமாரா எங்கே வந்துட்டிருக்கா?"

அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புது ஊர். இஸ்தான்புல் தாண்டிவிட்டாள். மலையேறிவிட்டாள். வெளியே சுவரோரம் நிற்கிற ஆண்களுக்கு இது கால்பந்து ஆட்டம் மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு வாலிகோ மாமா அந்தக் காலத்தில் துருக்கிக்கு லாரி ஓட்டியவர். ஊன்றுகோலால் தரையில் வழி வரைகிறார்.

"இப்ப சாம்சுன் பக்கத்துல நிறுத்தி டீ குடிப்பாங்க. அவ்தோ அங்கதான் நிறுத்துவான், அங்க ஒருத்தி இருக்கா அவனுக்கு."

"யோவ், சாவு வீட்டுல."

"சாவு வீட்டுல டீ கூடாதாய்யா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

நவம்பர் 23, சனி

கருங்கடல் ஓரச் சாலையில் மழையில் மலை சரிந்துவிட்டது. வண்டிகள் நிற்கின்றன. அவ்தோ பேசினார், குரல் தாழ்ந்திருந்தது. "எப்ப திறப்பாங்கன்னு தெரியலைடா. அம்மா நல்லாத்தான் இருக்காங்க. அப்பாவைத் திருப்பிப் படுக்க வெச்சாங்களான்னு கேட்கச் சொன்னாங்க."

"வெச்சோம்னு சொல்லுங்க" என்றேன்.

அப்பாவின் முகம் கறுத்து வருகிறது. அறையில் இத்தனை பேர், இத்தனை மெழுகுவத்தி. உடல் கெடாமலிருக்க மருந்து ஏற்றியவனைக் கூப்பிட்டோம். "ஞாயிறு வரைக்கும்னு சொன்னீங்க, ஞாயிறு வரைக்கும்தான் ஏத்தினேன். நான் என்ன கடவுளா?" என்றான்.

நவம்பர் 24, ஞாயிறு

புதைத்துவிட்டோம்.

காலையில் சாலை திறந்தது என்று தகவல் வந்தது. ஆனால் முன்னால் லாரிகள் மைல் கணக்கில், அப்புறம் எல்லையில் வரிசை. நாளைக்குத்தான். ஒரு நாள் பொறுப்போம் என்றேன். அத்தை என் கையைப் பிடித்துப் பெட்டியருகே இழுத்துக்கொண்டு போனாள். தம்பியின் முகத்தின் மேலிருந்த துணியை நீக்கினாள்.

"பாரு. நல்லா பாரு. அஞ்சு வருஷம் கழிச்சு வர்றவ இதையா பார்க்கணும்? அவ மனசுல இருக்கற முகம் அப்படியே இருக்கட்டும்டா."

"அவளே பார்த்து முடிவு பண்ணட்டும் அத்தை. அவ புருஷன்."

"எந்தம்பி!" என்று கத்தினாள். அதுவரை அவள் அழவில்லை. அப்போதுதான் அழுதாள். அவளைக் கீழே உட்கார வைப்பதற்குள் ஆண்கள் மூடியை எடுத்து வந்துவிட்டார்கள்.

அம்மாவைக் காப்பாற்ற ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, கடைசியில் அவள் பார்க்காமல் இருப்பதே அவளுக்கு நல்லது என்று ஆகிவிட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒரு கெட்டவன் இருந்திருந்தால் அவன் மூக்கை உடைத்திருப்பேன்.

மூன்று மணிக்கு மண் போட்டோம். நான்கு மணிக்கு ஆட்டுக்கறிச் சோறு, மீன், வைன். அவர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் குடித்தார்கள்.

நவம்பர் 25, திங்கள்

இருட்டுவதற்குச் சற்று முன்னால் வேன் வந்தது. முற்றத்தில் வாடகை மேஜைகளையும் பெஞ்சுகளையும் அடுக்கிக்கொண்டிருந்தோம். சொன்னபடி அத்தை வாசலில் நின்றாள், பிடித்துக்கொள்ள.

அம்மா இறங்கினாள். ரொம்பச் சின்னதாகிவிட்டாள். நெற்றியில் ஆறிய காயம். அத்தை கையை விரித்து ஒப்பாரியை ஆரம்பித்தாள். அம்மா அந்தக் கைக்குள் போகவில்லை. பெஞ்சுகளைப் பார்த்தாள்.

"எப்ப?"

"நேத்து மூணு மணிக்கு" என்றேன்.

"அடக்கத்தைக் கேட்கலை."

"செவ்வாய்க்கிழமை. காலையில."

அவள் தலையாட்டினாள். நான் போன் செய்த நாள் எது என்று அவளுக்குத் தெரியாதா?

"யாரு ஷேவ் பண்ணிவிட்டது அவருக்கு?"

"நான்தான்."

"கழுத்துகிட்ட பார்த்துப் பண்ணினியா? அங்க அவருக்குச் சீக்கிரம் வெட்டிடும்."

அப்புறம் அவள் அழுவாள் என்று நின்றோம். அழவில்லை. திரும்பிப் போய் வேனிலிருந்து டயப்பர் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். நான் வாங்கப் போனேன், தரவில்லை. அவ்தோ கூலி வாங்க மறுத்தார். வண்டிக்குள் மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நவம்பர் 27, புதன்

இன்றைக்குத்தான் பேசினாள். கல்லறையிலிருந்து திரும்பும்போது, நடந்துகொண்டே.

"துருக்கிக்குள்ள வரும்போதே எனக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. அவ்தோ வண்டில பாட்டு போடாம ஓட்டி நீ பார்த்திருக்கியா? நாலு நாள்டா. ஒருத்தரும் சிரிக்கலை. ஒருத்தி எனக்கு முட்டையை உரிச்சுக் கொடுக்கறா, இன்னொருத்தி ஜன்னல் சீட்டைத் தர்றா. நான் என்ன மகாராணியா?"

"அப்ப ஏம்மா கேட்கலை?"

"கேட்டா சொல்லிடுவாங்களே."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அவங்க எனக்காக நடிச்சாங்க. நான் அவங்களுக்காக நடிச்சேன். நாலு நாள் நாடகம்." நின்றாள். "ஆனா கப்பல் ஏறும்போது தெரியாதுடா ஜாபா. நேப்பிள்ஸ்ல தெரியாது. அங்க தெரிஞ்சிருந்தா உருண்டு புரண்டு அழுதிருப்பேன், படியில விழுந்து மண்டையை உடைச்சிருப்பேன், என்ன வேணா ஆகியிருக்கும். ஆனா விமானத்துல வந்திருப்பேன். மூணே கால் மணி நேரம். அவர் முகத்தைப் பார்த்திருப்பேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். "சொல்லாதே" என்றாள்.

டிசம்பர் 12, வியாழன்

அம்மா கிரேக்க எல்லையில் குத்திய முத்திரையைத் தேக்லேவிடம் காட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து வருடம். அத்தை மெதுவாக ஆரம்பித்தாள்: "தேக்லேவுக்கு வசந்தத்துல பதினெட்டு முடியும்ல? அந்த வீட்டு ஆளுங்களுக்கு உன்னைத் தெரியும், உன் பொண்ணுன்னா..."

அம்மா பாஸ்போர்ட்டை மூடினாள். "ஜுஜுனா, உன் வீடு பக்கத்துத் தெருவுல இருக்கு."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. நான் வேலையில் கூடுதல் முறை கேட்டிருக்கிறேன். அங்கேயுள்ள கிழங்களைத் துடைத்துவிட எங்கள் பெண்கள், எங்கள் கிழங்களைத் துடைக்க யார் என்று ஒரு மந்திரியும் கேட்பதில்லை. அனுப்புகிற பணத்தை மட்டும் நாட்டின் வளர்ச்சி என்று டிவியில் சொல்கிறார்கள்.

டிசம்பர் 28, சனி

நாற்பதாம் நாள். சாப்பாடு போட்டோம். அத்தை வந்தாள், ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். நான் தாடியை எடுத்தேன்.

சக்கர நாற்காலியை அம்மா எதிர்வீட்டு வாலிகோ மாமாவுக்குக் கொடுத்துவிட்டாள். அவருக்கு இந்தக் குளிரில் கால் சுத்தமாக வரவில்லை. உட்கார வைத்ததும் கைப்பிடியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி லாமாரா, இதுல ரிவர்ஸ் கியர் எங்கே?" அவள் சிரித்தாள். வந்த பிறகு முதல் முறை. தினமும் இரண்டு வேளை போய் அவருக்குக் காலைப் பிடித்துவிட்டு வருகிறாள்.

ஜனவரி 15, புதன்

வாலிகோ மாமா காலையில் போய்விட்டார். தூக்கத்தில்.

மகள் ஈர்மா மிலானில் இருக்கிறாள். ஏழு வருடம். அவளுக்கும் அங்கே தங்கக் காகிதம் கிடையாது. அவருடைய தங்கை, தங்கை மகன், தெருப் பெண்கள் எல்லோரும் கூடி நின்று அம்மாவைக் கூப்பிட்டார்கள். அத்தையும் அங்கேதான் இருந்தாள்.

"நீதான் அந்த ஊர்ல இருந்தவ லாமாரா. உனக்குத்தான் பக்குவமா பேசத் தெரியும். அப்பாவுக்கு முடியலைன்னு மட்டும் சொல்லு. வரவழைச்சுடு. மிச்சத்தை இங்க வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

அம்மா போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"ஈர்மா, நான் எதிர்வீட்டு லாமாரா. எங்கேம்மா இருக்கே? கையில என்ன வெச்சிருக்கே? அதைக் கீழே வை. உட்காரு. பக்கத்துல யாராவது இருக்காங்களா? சரி, பரவாயில்லை, நான் இருக்கேன், போனை வைக்க மாட்டேன். உங்கப்பா காலையில செத்துப் போயிட்டாரும்மா."

அறையில் யாரோ "ஐயோ பாவி!" என்றார்கள். வாலிகோ மாமாவின் தங்கை பாய்ந்து போனைப் பிடுங்க வந்தாள். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை, நின்றேன். அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள்.

போனிலிருந்து வந்த அலறல் கூடம் முழுக்கக் கேட்டது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அழு. நல்லா அழு. இருக்கேன்... இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்புறம் தணிந்த குரலில்: "வெள்ளிக்கிழமை விமானம் இருக்கு. வந்தா முத்திரை குத்துவாங்க, திரும்பிப் போக முடியாது. அது உனக்கே தெரியும். வரதும் வராததும் நீ முடிவு பண்ணு. யார் என்ன சொன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வீடு திரும்பும்போது தெருவில் யாரும் அவளிடம் பேசவில்லை. வாலிகோ மாமாவின் தங்கை மகன் மட்டும் சொன்னான், எங்களுக்குக் கேட்கும்படி: "கல் மனசு. புருஷன் சாவுக்கே அழாதவதானே."

ஜனவரி 16, வியாழன்

தெருவில் யாரும் அம்மாவுக்கு வணக்கம் சொல்லவில்லை. அவள் அந்த வீட்டுக்குப் போய்ப் பெட்டியைச் சுற்றி வந்துவிட்டு, யாரிடமும் கை நீட்டாமல் திரும்பினாள்.

ஜனவரி 17, வெள்ளி

மிலான் விமானம் மதியம் இறங்கியது. என் முறை. வண்டியைச் சரக்கு அறைக் கதவோரம் நிறுத்திவிட்டுப் படிக்கட்டைப் பார்த்தேன்.

ஈர்மா இறங்கி வந்தாள். கறுப்பு உடை, தலையில் கறுப்புத் துணி. கண் வீங்கியிருந்தது, ஆனால் நேராக நடந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு வரிசையிலிருந்து விலகி வந்தாள். முர்மான் அவளைத் தடுக்கவில்லை.

"அப்பா முகம் நல்லா இருக்கா?"

"இருக்கு. தூங்கற மாதிரி."

"உங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. திரும்பி நடந்தாள்.

பெட்டிகளை இறக்கினோம். கடைசிப் பெட்டி வரை பெயர்ச் சீட்டைப் பார்த்துக்கொண்டே இறக்கினேன். ஏழு வருடம் கழித்து வருகிறவள். அம்மா மாதிரி நாற்காலியும் டயப்பரும் தூக்கி வரவில்லை. அவளுடையது என்று ஒன்றுகூட இல்லை.